பல்கலை என்னும் பெயருக்குப் பொருள் தந்த கழகம்

பல்கலைக்கழகம் என்னும் சொல் தமிழுக்கு மிகப் பழைய சொல்லன்று. நம் பாட்டன்மார் அதனைச் சர்வகலாசாலை என்றே வழங்கினர். வடசொல் நீங்கித் தமிழ்ச்சொல் அமர்ந்ததேயொழிய, பொருள் மாறவில்லை. கலை என்றவுடன் இசையும் ஆடலும் ஓவியமும் மட்டும் இன்று நம் நினைவுக்கு வருகின்றன. முன்னோர் கருதிய கலை அத்துணைக் குறுகியதன்று. அறுபத்துநான்கு என்று அவர்கள் எண்ணிய வரிசையில் கணிதமும் இடம்பெற்றது. பொன்னை மாற்றறிதலும் இடம்பெற்றது. யாழ் வாசித்தலும் இடம்பெற்றது. அறிவியல், நிதியியல், மொழியியல் என நாம் இன்று மதில் எழுப்பிப் பிரித்துள்ளவை எல்லாம் அச்சொல்லுக்குள் அடங்கியே கிடக்கின்றன.

இப்பெயருக்கு ஏற்ற பொருளை இந்திய மண்ணில் முதன்முதல் தேடித் தந்த இடம் எது? நாம் குடிபெயர்ந்து வந்து வாழ்கின்ற இந்தக் கொல்கத்தா மாநகரே என்பது நம் துணிபு. 1906-ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த ஆராய்ச்சியின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக எடுத்துரைக்க முற்படுகின்றோம். அவ்வரலாற்றில் தென்னாட்டாருக்குப் பெரும்பங்கு உண்டு. அது நாம் இதனை எழுதுதற்கு ஒரு காரணம். பிறிதொரு காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

லேக் மார்க்கெட்டில் வாழைக்காயும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு ராஷ்பிகாரி அவென்யூவில் நடக்கும் நம்மவர் பலர், அத்தெருவின் பெயரைப் புரட்சியாளர் ராஷ்பிகாரி போஸின் பெயர் என்று எண்ணியிருப்பர். அது வழக்கறிஞர் ராஷ்பிகாரி கோஷின் பெயர். அங்கிருந்து மேற்கே சென்று வடக்கே திரும்பினால் வருவது ஆசுதோஷ் முகர்ஜி சாலை. நாள்தோறும் நம் கால் தேயும் இவ்விரு சாலைகளும் நாம் சொல்லவிருக்கும் கதையின் இரு தலைமக்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் 1857-ஆம் ஆண்டு நிறுவப்பட்டன. நிறுவப்பட்டன என்பதைக் கேட்டுப் பெரிய கூடங்களையும் ஆய்வகங்களையும் எண்ணிக்கொள்ளுதல் வேண்டா. அவை தேர்வு நடத்தும் அலுவலகங்களாகவே பிறந்தன. பாடம் சொல்லுதல் கல்லூரிகளின் வேலை. வினாத்தாள் அச்சிடுதலும் விடைத்தாள் திருத்துதலும் பட்டம் வழங்குதலும் பல்கலைக்கழகத்தின் வேலை. புதியது ஒன்றைக் கண்டறிதல் எவருடைய வேலையாகவும் இல்லை. அரை நூற்றாண்டு இந்நிலை நீடித்தது.

1904-ஆம் ஆண்டு கர்சன் பிரபு பல்கலைக்கழகச் சட்டத்தைக் கொண்டுவந்தார். கழகங்களை அரசின் பிடிக்குள் கொணர்தலே அதன் நோக்கம் என்று நாட்டுப்பற்றாளர் கொதித்தெழுந்தனர். அவர்தம் ஐயம் பிழையுமன்று. ஆயினும் அச்சட்டத்துள், பல்கலைக்கழகம் தானே பாடம் கற்பிக்கலாம், ஆராய்ச்சியும் நடத்தலாம் என்றொரு விதி இருந்தது. அந்த ஒரு விதியைப் பற்றிக்கொண்டு எழுந்தவர் ஆசுதோஷ் முகர்ஜி. உயர்நீதிமன்ற நீதிபதியாகிய அவர் இளமையிலேயே கணித ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டவர், சட்ட வல்லுநர், பாலியிலும் திபெத்திய மொழியிலும் தணியாத ஆர்வம் கொண்டவர். 1906 முதல் 1914 வரையிலும், மீண்டும் 1921 முதல் 1923 வரையிலும் துணைவேந்தராக விளங்கினார். நீதிமன்றப் பணியை விடாமலே இதனையும் செய்தார் என்பது நம்புதற்கரியது.

விதி கிடைத்தது, பொருள் கிடைக்கவில்லை. அரசிடம் கேட்ட பெருந்தொகை வாராதபோது, இரண்டு வழக்கறிஞர் தம் வாழ்நாள் ஈட்டத்தை எடுத்து நீட்டினர். தாரகநாத் பாலித் 1912-ஆம் ஆண்டு நிலமும் வீடும் பணமுமாக ஏறத்தாழ 15 லட்சம் ரூபாய் மதிப்புள்ள சொத்தை வழங்கினார். அடுத்த ஆண்டு ராஷ்பிகாரி கோஷ் 10 லட்சம் ரூபாய் தந்தார். பின்னர் மீண்டும் தந்தார். அன்றைய பத்து லட்சத்தின் அளவை, மாதம் முப்பது ரூபாயில் எழுத்தர் ஒருவர் குடும்பம் நடத்திய காலம் அது என்பதைக் கொண்டு உணரலாம். இக்கொடைகளுக்கு ஒரு நிபந்தனை இருந்தது: அவற்றால் அமையும் பேராசிரியர் பதவிகள் இந்தியருக்கே உரியன. உயர்பதவி வெள்ளையருக்கு, துணைப்பதவி நம்மவருக்கு என்றிருந்த நாளில் அந்நிபந்தனை செய்த வேலையைப் பணம் மட்டும் செய்திருக்க இயலாது.

1914 மார்ச்சு 27-ஆம் நாள், மேல் சர்க்குலர் சாலை 92-ஆம் எண் மனையில் அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வேதியியலுக்குப் பிரபுல்ல சந்திர ரே வந்தார். இளைஞர்களான மேகநாத் சாகாவும் சத்தியேந்திரநாத் போசும் விரிவுரையாளர் ஆயினர். ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கைக் கட்டுரைகளை அவ்விருவரும் செருமன் மொழியிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தனர். அந்நூலை 1920-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகமே அச்சிட்டது. செருமன் மொழிப் பயிற்சி இல்லையேல் இயற்பியல் இல்லை என்பதை அவ்விளைஞர் அறிந்திருந்தனர்.

இயற்பியல் இருக்கைக்கு யாரை அழைப்பது? ஆசுதோஷின் பார்வை ஒரு நிதித்துறை அலுவலர்மேல் சென்றது.

திருச்சிராப்பள்ளியில் 1888-இல் பிறந்த சந்திரசேகர வேங்கடராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் முதுகலை முடித்தவுடன் இந்திய நிதிப் பணித் தேர்வு எழுதினார். தமையனார் அத்துறையில் முன்னரே சேர்ந்திருந்தார். அறிவியல் கற்றார்க்கு அறிவியலால் பிழைக்க வழியில்லாத காலம் அது. 1907-ஆம் ஆண்டு, வயது பதினெட்டு முடிந்து பத்தொன்பது நிரம்பாத நிலையில், புதுமணம் புரிந்த துணைவியாருடன் துணைக் கணக்காயர் தலைவராக இந்நகருக்கு வந்திறங்கினார். டிராம் வண்டியில் செல்லும்போது பௌபஜார் தெரு 210-ஆம் எண் கட்டடத்தில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்னும் பெயர்ப்பலகையைக் கண்டு இறங்கி உள்ளே சென்ற செய்தியை நம்மில் அறியாதார் இலர். மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876-இல் நிறுவிய அக்கழகத்தில் கருவிகள் இருந்தன. அவற்றைக் கையாள ஆள் இல்லை. அதிகாலையில் ஆய்வகம், பகலில் கணக்கு அலுவலகம், மாலையில் மீண்டும் ஆய்வகம் எனப் பத்தாண்டு கழிந்தது. இடையில் இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலாகிச் சென்று 1911-இல் திரும்பி வந்தார்.

பாலித் பேராசிரியர் பதவியை ஏற்பவர், அயல்நாட்டுப் பயிற்சி இல்லாதவராயின், பயிற்சிக்கு அயல்நாடு செல்லுதல் வேண்டும் என்பது விதி. இராமன் மறுத்துவிட்டார். தாம் கற்றுக்கொள்ள அங்குச் செல்ல வேண்டுவதில்லை என்பது அவர் நிலை. ஆசுதோஷ் ஆளை மாற்றவில்லை, விதியைத் தளர்த்தினார். 1917-ஆம் ஆண்டு, உயர்சம்பளமும் உறுதியான பதவி உயர்வும் உள்ள அரசுப் பணியைத் துறந்து, அதனினும் குறைந்த சம்பளத்திற்கு இராமன் பேராசிரியர் ஆனார். நம் வீடுகளில் ஒரு பிள்ளை இன்று இவ்வாறு செய்யப் புகுந்தால் என்ன நிகழும் என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

இராமன் என்றால் ஒளி என்றே நாம் படித்துள்ளோம். அவர்தம் ஆராய்ச்சியின் முதல் பகுதியில் பெரும்பாலானது ஒலி பற்றியது என்பது பலருக்குத் தெரிவதில்லை. வயலினில் வில் பட்டு நரம்பு அதிரும் முறையை ஆராய்ந்து 1918-இல் ஒரு பெருங்கட்டுரை வெளியிட்டார். வீணையும் தம்பூராவும் ஏன் அவ்வளவு செறிந்த நாதம் தருகின்றன என்பதை, அவற்றின் குதிரையின் வளைந்த பரப்பைக் கொண்டு 1921-இல் விளக்கினார். எல்லாவற்றினும் நம் நெஞ்சுக்கு நெருக்கமானது மிருதங்க ஆய்வு. இழுத்துக் கட்டிய வட்டத்தோலைத் தட்டினால் எழும் மேலொலிகள் ஒன்றோடொன்று இசையா. ஆதலால் மேலைநாட்டு முரசு பெரும்பாலும் ஓசை எழுப்புமேயன்றிச் சுருதியில் நில்லாது. மிருதங்கத்தின் வலந்தலையோ சுருதியில் நின்று பாடுகின்றது. எவ்வாறு? நடுவில் அடுக்கடுக்காகப் பூசிய கருஞ்சாந்தாலாகிய கரணை, தோலின் எடையை நடுவில் மிகுவிக்கின்றது. அதனால் இசையா மேலொலிகள் இடம்பெயர்ந்து, அடிப்படை ஒலியின் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு, ஐம்மடங்கு என்னும் ஒழுங்கில் வந்தமர்கின்றன. சிவகாளி குமார் என்பாருடன் சேர்ந்து இராமன் 1920-இல் இதனை ஆங்கிலநாட்டு 'நேச்சர்' இதழில் அறிவித்தார். 1934-இல் விரிவாக எழுதினார். கரணை இட்ட கைவினைஞர் எவரும் சமன்பாடு எழுதியவர் அல்லர். செவியே அவர்தம் கருவி. அவர்கள் கண்டதை இயற்பியல் பின்னால் சென்று வணங்கியது என்றே சொல்லத் தோன்றுகின்றது.

1921-ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டில் கூடிய பல்கலைக்கழக மாநாட்டிற்குக் கல்கத்தாவின் சார்பாளராக இராமன் சென்றார். திரும்பும் கப்பலில் நடுநிலக்கடலின் நீலத்தைக் கண்டு அவர் எழுப்பிய வினா, 1928 பிப்பிரவரி 28-ஆம் நாள் கண்ட இராமன் விளைவிலும் 1930-இல் பெற்ற நோபல் பரிசிலும் சென்று முடிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த கே. எஸ். கிருஷ்ணனும், பாலக்காட்டுக் கல்பாத்தியைச் சேர்ந்த கே. ஆர். இராமநாதனும் அவ்வழியில் உடன் நின்றனர். மேலும் ஒருவரைக் குறிப்பிடாமல் விடுதல் தகாது. எஸ். வேங்கடேசுவரன் அலிப்பூர் அரசுச் சோதனை நிலையத்தில் வேதியியலராகப் பணிபுரிந்தவர். அலுவல் முடிந்த மாலைகளிலும் விடுமுறை நாள்களிலும் பௌபஜாருக்கு வந்து ஆய்வு செய்தார். தூய்மை செய்த கிளிசரினில் ஒளி நிறம் மாறிப் பசுமையாகச் சிதறுவதை அவர் கண்டதே இறுதிக்கட்டத்தின் தூண்டுகோல்களுள் ஒன்று. மாலை நேரத்து அறிஞர் என்னும் மரபு இராமனோடு முடிந்துவிடவில்லை.

மெய்யியல் இருக்கையின் கதை சற்று வேறானது. ஐந்தாம் ஜார்ஜ் பேராசிரியராக வீற்றிருந்த பிரஜேந்திரநாத் சீல் மைசூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகச் சென்றார். மைசூரில் பேராசிரியராக இருந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1921-இல் அவ்விருக்கைக்கு வந்தார். திருத்தணியில் பிறந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற அவருக்கும் இராமனுக்கும் பிறந்த ஆண்டு ஒன்றே. கல்கத்தாவில் இருந்தபோது இந்திய மெய்யியல் வரலாற்றின் இரு பெருந்தொகுதிகளை 1923-இலும் 1927-இலும் வெளியிட்டார். 1926-இல் இப்பல்கலைக்கழகத்தின் சார்பாளராகக் கடல் கடந்து சென்றார். 1954-ஆம் ஆண்டு முதன்முதலாகப் பாரத ரத்னா விருது பெற்ற மூவருள் இருவர் ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே காலத்தில் பேராசிரியராய் இருந்தவர் என்பது தற்செயல் அன்று. மூன்றாமவர் இராஜாஜி. விடுதலைக்குப்பின் மேற்கு வங்கத்தின் முதல் ஆளுநராக அவரும் இந்நகரில் வாழ்ந்தவரே.

எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயரின் பெயர் இவ்விருவர் பெயரளவு பரவவில்லை. பரவாமைக்கு வருந்துகின்றோம். பாலக்காட்டு இலட்சுமிநாராயணபுரத்தில் 1861-இல் பிறந்தவர். கொச்சி நாட்டுக் குடிகளையும் சாதிகளையும் நேரில் கண்டு ஆராய்ந்து இரு தொகுதிகள் எழுதியவர். திருச்சூர் அருங்காட்சியகத்தையும் விலங்குக் காட்சிச்சாலையையும் மேற்பார்த்தவர். இந்தியப் பல்கலைக்கழகங்களுள் மானிடவியலுக்கெனத் தனித்துறை முதன்முதல் கல்கத்தாவில் 1920-இல் தொடங்கியபோது, ஆசுதோஷ் அவரை அழைத்துக்கொண்டார். பிறர் ஓய்வூதியக் கணக்குப் பார்க்கும் அறுபதாம் அகவையில் அவர் புதிய ஊரில், மொழி அறியாத நகரில், புதிய துறை ஒன்றை வளர்க்க வந்தார். பத்தாண்டுக்கு மேல் நடத்தினார். அத்துறையைக் கற்றவருக்கு அன்று என்ன வேலை கிடைத்திருக்கும்? ஒன்றும் இல்லை என்பதே நேர்மையான விடை.

பிற துறைகளை விரைந்து சொல்லிச் செல்வோம். பண்டை இந்திய வரலாற்றுக்குத் தே. ரா. பண்டார்கர், கவின்கலைக்கு அவனீந்திரநாத் தாகூர், இந்தியச் சிற்பத்தைக் கற்பிக்க வியன்னாவில் பயின்ற ஸ்டெல்லா கிராம்ரிஷ், மொழியியலுக்குச் சுநீதி குமார் சாட்டர்ஜி. 1916-இலேயே செய்முறை உளவியல் துறை தோன்றியது. 1919-இல் இந்தியத் தாய்மொழிகளில் முதுகலைப் படிப்புத் தொடங்கியது. ஆங்கிலமும் சமற்கிருதமும் மட்டுமே முதுகலைக்குத் தகும் என்று எண்ணிய நாளில் அது பெருந்துணிவு. சென்னைப் பல்கலைக்கழகத்து எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார், இந்தியப் பண்பாட்டிற்குத் தென்னாடு அளித்த கொடைகள் குறித்து ஆற்றிய பொழிவுகளை இக்கழகமே 1923-இல் நூலாக்கியது.

நிதியியலும் புறக்கணிக்கப்படவில்லை. பொருளியலுக்கு மிண்டோ பேராசிரியர் பதவி 1909-ஆம் ஆண்டளவில் அமைந்தது. அதனை வகித்த பிரமதநாத் பானர்ஜி, கும்பினியார் காலத்து இந்திய நிதியின் வரலாற்றை 1928-இலும், இந்திய வரிவிதிப்பின் வரலாற்றை 1930-இலும் நூலாக எழுதினார். ஆள்வோரின் கணக்கேட்டையே ஆளப்படுவோர் எடுத்துப் படிக்கத் தொடங்கியமை அது. நிலவரியும் உப்பு வரியும் அபினி வருவாயும் எவ்வாறு திரண்டன, எங்குச் சென்றன என்று கேட்பதற்குத் துப்பாக்கி வேண்டுவதில்லை. பழைய அறிக்கைகளும் பொறுமையும் போதும்.

ஆனால் நாட்டின் நிதியை ஆராய்ந்த அக்கழகம் தன் நிதிக்கு அலைந்தது. அறிவியலுக்குப் பாலித்தும் கோஷும் இருந்தனர். பாலிக்கும் மானிடவியலுக்கும் வரலாற்றுக்கும் யார் இருந்தனர்? நுழைவுத்தேர்வு எழுதும் பல்லாயிரம் சிறுவரின் தேர்வுக் கட்டணமே அத்துறைகளைத் தாங்கியது. ஏதோ ஓர் ஊரில் தந்தை ஒருவர் மகனுக்காகச் செலுத்திய கட்டணத்தில் திபெத்தியச் சுவடி படிக்கும் அறிஞர் ஒருவர் உண்டார் என்று சொன்னால் மிகையாகாது. 1917-இல் பாட்னாவிலும் 1920-இல் இரங்கூனிலும் 1921-இல் டாக்காவிலும் தனிப் பல்கலைக்கழகங்கள் எழுந்தன; கல்கத்தாவின் எல்லை சுருங்கியது; ஒத்துழையாமை இயக்கத்தில் மாணவர் வெளியேறினர்; கட்டண வருவாய் வீழ்ந்தது. 1922-இல் ஆசிரியர்க்குச் சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையாயிற்று.

வங்காள அரசு இரண்டரை லட்சம் ரூபாய் தர முன்வந்தது, கணக்கைத் தன் கண்காணிப்பில் வைக்கும் நிபந்தனைகளோடு. நிபந்தனையை ஏற்றால் முதலில் வெட்டுண்பவை எவை என்பது எவர்க்கும் விளங்கும்: மாணவர் குறைந்த துறைகள். 1922 திசம்பரில் ஆட்சிப்பேரவை அப்பணத்தை மறுத்தது. பசித்த வயிறோடு மறுத்தது என்பதை மறக்கலாகாது. அடுத்த ஆண்டு, எதிர்ப்பைக் கைவிடுவதாயின் துணைவேந்தர் பதவியை நீட்டிப்பதாக ஆளுநர் லிட்டன் எழுதினார். ஆசுதோஷ் கடுமொழியில் மறுமொழி எழுதி விலகினார். 1924 மே 25-ஆம் நாள் பாட்னாவில் மறைந்தார். பிரபுல்ல சந்திர ரே, 1921-இல் தமக்கு அறுபது வயது நிரம்பிய நாள் முதல், தம் சம்பளத்தைப் பல்கலைக்கழகத்துக்கே திருப்பித் தந்துகொண்டிருந்தார் என்பதையும் இங்கே பதிந்துவைக்க விரும்புகின்றோம்.

ஆசுதோஷைக் குறை கூறியவர் அனைவரும் அரசின் ஆள்கள் அல்லர். வரலாற்றறிஞர் யதுநாத் சர்க்கார் வன்மையாகக் கண்டித்தார். மாணவர் சிலரே உள்ள துறைகள் மிகுந்துவிட்டன, தரத்தைவிட எண்ணிக்கை பெருகிவிட்டது, ஒருவர் விருப்பமே ஆட்சியாகிவிட்டது என்பன அக்காலத்துக் குறைகள். கணக்கு வழியே நோக்கினால் அவை பொய்யல்ல. ஒருவர் கையில் எல்லாம் குவிந்திருந்தமையும் உண்மை. ஆயினும், எந்த ஆண்டின் கணக்கு என்றொரு வினா எஞ்சுகின்றது. அதற்கு ஒரு சான்று கூறுவோம்.

மெய்யியலாளர் என்று முன்னர்க் குறித்த பிரஜேந்திரநாத் சீல், பண்டை இந்தியரின் இயற்கை அறிவியல் குறித்து 1915-இல் நூல் வெளியிட்டவர். வேதியியலர் ரே எழுதிய இந்திய வேதியியல் வரலாற்றுக்கு ஒரு பகுதி எழுதி உதவியவர். அவர், தேர்வுச் சீர்திருத்தத்துக்காக மதிப்பெண்களைப் புள்ளியியல் முறையில் ஆய்ந்து தருமாறு மாநிலக் கல்லூரியின் இளம் இயற்பியல் ஆசிரியர் பிரசாந்த சந்திர மகலநோபிசைக் கேட்டார். பின்னர், கல்கத்தா ஆங்கிலோ-இந்தியரின் உடல் அளவுகளை ஆராயும் மானிடவியல் வேலை ஒன்றும் மகலநோபிசிடம் வந்தது. 1922-இல் அவ்வாய்வு வெளிவந்தது. இரு மனிதக் குழுக்கள் தம்முள் எவ்வளவு நெருங்கியவை, எவ்வளவு விலகியவை என்பதை எப்படி அளப்பது? அவ்வினாவிலிருந்து 1936-இல் பிறந்ததே மகலநோபிஸ் தொலைவு என்னும் அளவை. 1941-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் முதுகலை தொடங்கியது. முதல் அணியில் படித்த சி. ஆர். இராவ், 1945-இல் தம் புகழ்பெற்ற கட்டுரையைக் கல்கத்தாக் கணிதக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். அக்கழகம் 1908-இல் ஆசுதோஷ் தலைமையில் தோன்றியது. இராவ் அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜுக்கு அழைக்கப்பட்டது, ஆப்பிரிக்காவில் அகழ்ந்தெடுத்த எலும்புகளின் அளவுகளை ஆராய்ந்து தருவதற்கு. எலும்பை அளக்கப் புகுந்த கணிதம் இன்று எங்கெல்லாம் பயன்படுகின்றது! பயிர் ஆய்வில், மருந்து ஆய்வில், வங்கியின் பல்லாயிரம் கணக்குகளுள் இயல்பினின்று விலகி நிற்கும் கணக்கைப் பிரித்தறிவதில். 1922-இல் மானிடவியல் வீண்செலவு என்று எழுதிய பேனா, நூறாண்டு கழித்து வங்கியில் வேலை செய்யும் நம் வீட்டுப் பெண்ணின் கணினிக்குள் அந்த மானிடவியல் வந்திருக்கும் என்று கண்டிருக்க இயலாது.

நாம் முதலில் குறிப்பிட்ட பிறிதொரு காரணம் இதுவே. பிழைப்புக்காக ஊர்விட்டு வந்தவர் நாம். பிள்ளைகள் எதைப் படித்தால் கால் ஊன்றலாம் என்று கணக்கிடுதல் நமக்குப் பழக்கமாயிற்று. அதனை இழிவென்று சொல்ல நமக்கு உரிமையில்லை. தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் அன்று சோறு போட்டன. பின்னர்ப் பட்டயக் கணக்கு. பின்னர்ப் பொறியியலும் கணினியும். ஆயினும் நம் சங்கத்து விழாக்களில் மேடையேறிப் பரிசு பெறும் மாணவரைப் பார்க்கும்போது, கல்வெட்டு படிக்கவும் பழங்குடி மொழி ஆராயவும் போகிறேன் என்று அவர்களுள் எவரேனும் சொல்ல மாட்டாரா என்று மனம் ஏங்குகின்றது. சென்ற ஆண்டுகளில் அவ்வாறு சொன்ன ஒரு பெண்ணுக்கு வீட்டில் நிகழ்ந்த வாக்குவாதத்தை நாம் அறிவோம். அவள் இப்பொழுது மானிடவியலே பயில்கின்றாள். தந்தையார் இன்னும் முழுமனத்தோடு இசையவில்லை.

இராமன் 1933-இல் பெங்களூருக்குச் சென்றார். கல்கத்தாவில் அவருக்கு மனக்கசப்புகள் நேர்ந்தன. அவற்றை இங்கே கிளற வேண்டுவதில்லை. அறிவியல் வளர்ச்சிக் கழகமும் பிற்காலத்தில் ஜாதவ்பூருக்கு இடம் மாறியது. பௌபஜார் தெரு இன்று விபின் பிகாரி கங்குலித் தெரு. அதே 210-ஆம் எண்ணைத் தன் முகவரியாகக் கொண்டு இப்பொழுது வணிகவியல் கல்லூரி ஒன்று நடைபெறுகின்றது. கணக்கு அலுவலர் ஒருவர் கணக்கை விட்டு ஒளியைத் தேடிய இடத்தில் இளைஞர் கணக்கியல் பயில்கின்றனர்.

ஆசுதோஷ் தம் வாழ்நாளில் சேர்த்த 80,000-க்கும் மேற்பட்ட நூல்களை அவர் குடும்பத்தார் தேசிய நூலகத்துக்கு வழங்கினர். அலிப்பூரில் அவை தனித்தொகுதியாகக் காக்கப்பட்டு வருகின்றன. கணிதம், சட்டம், வரலாறு, இலக்கியம் என அனைத்தும் ஒருவர் வாங்கியவை. அந்நூலகத்தில் தமிழ்ப் பிரிவும் உண்டு. விலங்குக் காட்சிச்சாலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் நாளில், அருகிலேயே உள்ள அவ்விடத்தையும் காட்டி வரலாம். உறுப்பினர் அட்டை பெறுதல் கடினமன்று.